‘அந்த நர்ஸ் வேண்டாம்!’

நிறம் பார்த்துச் சிகிச்சையை மறுக்கும் நோயாளிகள்... தலையாட்டும் மருத்துவமனைகள்... நடுவில் நிற்கும் செவிலியர்கள்!

தரையில் கிடந்தார் அந்த மூதாட்டி. எழுந்து நிற்கத் தெம்பில்லை. அவரை அந்த நிலையில் பார்த்தவர், முதியோர் பராமரிப்பு இல்லத்தின் உதவிச் செவிலியர். விழுந்தவரை எப்படித் தாங்கிப் பிடிப்பது, எங்கே கை கொடுத்துத் தூக்குவது என்பதெல்லாம் அவர் தொழில். அதற்குத்தான் சம்பளம். உதவ வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் தொடவில்லை. தொடக் கூடாது என்பது உத்தரவு. மூதாட்டியை அப்படியே விட்டுவிட்டு, கட்டடம் முழுக்க ஆள் தேடி அலைந்தார். அவர் தேடியது டாக்டரை இல்லை. வெள்ளைத் தோல் உள்ள இன்னொரு உதவியாளரை.

அவர் கிடைக்கும் வரை மூதாட்டி தரையில்தான்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பிளெய்ன்ஃபீல்டு என்ற ஊரில் நடந்தது இது. அந்த இல்லத்தில் தினமும் டூட்டி தொடங்கும்போது ஊழியர்களுக்கு ஒரு பணித்தாள் தருவார்கள். யாருக்கு எந்த அறை, யாரைக் குளிப்பாட்ட வேண்டும், யாருக்கு என்ன உதவி என்று அதில் இருக்கும். அந்த மூதாட்டியின் பெயருக்கு நேரே, ‘கறுப்பின உதவியாளர்களை விரும்பவில்லை’ என்ற குறிப்பும் இருந்தது. யாரோ காதில் கிசுகிசுத்த சங்கதி இல்லை. நிர்வாகமே எழுதிக் கையில் கொடுத்த தாள்.

சேர்ந்த மூன்று மாதத்தில் அந்தக் கறுப்பின உதவியாளர் வேலையை இழந்தார். வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் கைவிட்டது. மேல்முறையீட்டுக்குப் போனார். தங்களுக்கு யார் பணிவிடை செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை முதியவர்களுக்கு மாநிலச் சட்டப்படியே உண்டு, அதைத்தான் மதித்தோம் என்றது இல்லம். 2010 ஜூலையில் அமெரிக்காவின் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்க மறுத்தது. ஒருவர் தன் செலவில் தனக்குப் பிடித்தவரை வைத்துக்கொள்ளட்டும், அதற்காக ஒரு நிறுவனம் தன் ஊழியர்களை நிறம் பிரித்து வேலை வாங்க முடியாது, 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் அதைத் தடுக்கிறது என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. இல்லம் வேறு என்ன செய்திருக்கலாம் என்று நீதிபதிகளே சொல்லியிருந்தார்கள். இங்கே பாகுபாடு கிடையாது என்பதைச் சேர்க்கும்போதே சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்கலாம். சேர்ந்த பிறகு பேசித் திருத்தப் பார்த்திருக்கலாம். வசவுக்கு ஆளாகும் ஊழியர், எங்களிடம் வந்து பாதுகாப்புக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வழிகள் இருந்தும், அந்த நிர்வாகம் எடுத்துக்கொண்டது தாளில் ஒரு வரி எழுதும் வழியை!

பணி அட்டையில் ஒரு சீட்டு

தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. 2012 அக்டோபரில், மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில், பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. ஏறத்தாழ 25 ஆண்டு அனுபவமுள்ள கறுப்பினச் செவிலியர் ஒருவர் குழந்தையைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, அதன் தந்தை வந்தார். மேற்பார்வையாளரைப் பார்க்க வேண்டும் என்றார். வந்தவரிடம், என் குழந்தையைக் கறுப்பர்கள் தொடக் கூடாது என்று சொல்லி, சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். கையில் நாஜி ஸ்வஸ்திகா பச்சை குத்தப்பட்டிருந்தது.

பணி ஒதுக்கீட்டு அட்டையில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டது: ஆப்பிரிக்க அமெரிக்கச் செவிலியர் யாரும் இந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டாம் என்று. கால் நூற்றாண்டு காலம் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கை விட்டுக் காப்பாற்றிய ஒரு பெண், தன் சக ஊழியர்கள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் அந்தச் சீட்டைப் பார்க்க நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். 2013 தொடக்கத்தில் அவர் நீதிமன்றம் போனார். அடுத்த மாதமே மருத்துவமனை பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

அந்தத் தந்தையின் மனசில் விஷம் இருந்தது. அது அவரோடு வாசல்வழி வந்தது, அவரோடு போயிருக்கும். சீட்டு எழுதிய கை மருத்துவமனையுடையது. வெளியிலிருந்து வந்த ஒரு மனிதரின் வெறுப்பை அலுவலக உத்தரவாக மாற்றியது நிர்வாகம். இந்தப் பிரச்னையில் நாம் கண் வைக்க வேண்டிய இடம் அந்தச் சீட்டுதான்.

பெட்டிச் செய்தி: ரத்தத்துக்கும் நிறம் பார்த்த காலம்!

● இரண்டாம் உலகப் போரின்போது, ரத்த பிளாஸ்மாவைச் சேமித்து அனுப்பும் பெரும் பணியை முன்னின்று நடத்தியவர் டாக்டர் சார்லஸ் ட்ரூ. கறுப்பினத்தவர். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பர்களின் ரத்தத்தை வாங்கவே மறுத்தது. பிறகு வாங்கியது, ஆனால் தனியே பிரித்து வைத்தது. இதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை என்று ட்ரூ கண்டித்தார்.

● கொடையாளரின் இனத்தைப் பார்த்து ரத்தத்தைப் பிரிக்கும் வழக்கத்தை அந்தச் சங்கம் 1950இல்தான் கைவிட்டது.

● கறுப்பின ஆண்கள் படுத்திருக்கும் வார்டில் வெள்ளைக்காரச் செவிலியரை வேலை செய்யச் சொல்லக் கூடாது என்று அலபாமா மாநிலத்தில் சட்டமே இருந்தது.

● 1966 ஜூலை 1 அன்று ‘மெடிகேர்’ காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. இனம் பிரிக்கும் மருத்துவமனைக்கு அரசுப் பணம் கிடையாது என்பது விதி. சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் தங்கள் வார்டுகளை ஒன்றாக்கின.

‘வந்து காப்பாற்றுங்கள்’ என்றவர்கள்

பிரிட்டனின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போன டாக்டர்கள் இருக்கிறார்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே பிரிட்டன் மருத்துவமனைகளுக்குச் செவிலியர் தேவை என்று விளம்பரம் கொடுத்து, ஆள் எடுத்திருக்கிறது.

1948 ஜூலை 5 அன்று பிறந்தது ‘என்.எச்.எஸ்.’ எனப்படும் தேசிய சுகாதார சேவை. பிறந்த நாளிலிருந்தே ஆள் பற்றாக்குறை. கரீபியத் தீவுகளிலிருந்து செவிலியர்களும் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து டாக்டர்களும் கப்பலேறினார்கள். 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சராக இருந்த ஈனக் பவலின் காலத்திலும் இந்த வருகை நிற்கவில்லை. அதே பவல்தான், 1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்காமில் நின்று, குடியேறிகள் வந்தால் நாடு சீரழியும் என்று பேசி வெறுப்பைக் கிளறினார். 1971 வாக்கில் இங்கிலாந்தின் அரசு மருத்துவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்து, அங்கேயே படித்து வந்தவர்.

இன்று அந்தச் சேவையின் ஊழியர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர். டாக்டர்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். இவர்கள் எல்லோரும் ஒரே ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டால், லண்டனில் ஒரு ஆபரேஷன் தியேட்டர்கூட ஒழுங்காக ஓடாது.

ஆனாலும் வசவு ஓயவில்லை. என்.எச்.எஸ். தன் ஊழியர்களிடம் ஆண்டுதோறும் கருத்துக் கேட்கிறது. 2019ஆம் ஆண்டுக் கணக்கில், நோயாளிகள், உறவினர்கள் அல்லது பொதுமக்களின் மிரட்டலையோ வசவையோ துன்புறுத்தலையோ சந்தித்தோம் என்றவர்கள் 28.5 சதவிகிதம். இதில் எல்லா வகை வசவும் அடக்கம். நிறத்தைச் சொல்லித் திட்டுவதும் அதில் ஒன்று.

பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் மருத்துவமனை 2018இல் ஓர் ஏற்பாடு செய்தது. கால்பந்து மைதானத்தில் நடுவர் காட்டுவதைப் போல, இனவெறிக்குச் சிவப்பு அட்டை! முதலில் எச்சரிக்கை. திரும்பவும் செய்தால், அவசரம் இல்லாத சிகிச்சை நிறுத்தப்படும். 2020 பிப்ரவரியில் அன்றைய சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக் இதையே நாடு முழுமைக்கும் அறிவித்தார். அதுவரை, கை ஓங்குகிறவருக்கும் மூர்க்கம் காட்டுகிறவருக்கும்தான் சிகிச்சையை மறுக்க முடியும். அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து, இனத்தையோ பாலினத்தையோ சொல்லி இழிவாகப் பேசுகிறவருக்கும் அவசரமில்லாத சிகிச்சையை மறுக்கலாம் என்றானது. உயிர் ஊசலாடும் நிலையில் இருப்பவருக்கு மட்டும் இது பொருந்தாது. அவர் எவ்வளவு திட்டினாலும் சிகிச்சை உண்டு.

அந்த ஏப்ரல் மாதத்தை யாரால் மறக்க முடியும்? கொரோனா பிரிட்டனைப் புரட்டிப் போட்ட மாதம். நோய்க்குப் பலியான முதல் பத்து மருத்துவர்களின் பெயர்கள் வெளியானபோது, நாடு அதிர்ந்தது. பத்துப் பேருமே ஆசிய, ஆப்பிரிக்க, அரபு வம்சாவளி உள்ளிட்ட சிறுபான்மை இனத்தவர். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமே இதற்கு விசாரணை கேட்டது. ‘உன் கை என்மேல் படக் கூடாது’ என்று சொல்லப்பட்ட அதே நிறத்துக் கைகள்தான், பாதுகாப்புக் கவசத்துக்கே தட்டுப்பாடு இருந்த நாட்களில் மூச்சுத்திணறியவர்களின் வாயில் குழாய் இறக்கின. வீட்டு வாசல்களில் நின்று மக்கள் கை தட்டினார்கள். உண்மையான நன்றிதான் அது. ஆனால் நீடிக்கவில்லை.

2024 கோடையில், சவுத்போர்ட் நகரில் குழந்தைகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பொய்த் தகவல் பரவிக் கலவரம் வெடித்தது. ஆகஸ்ட் 2 அன்று சண்டர்லாந்தில், அவசர வேலைக்கு அழைக்கப்பட்டு டாக்ஸியில் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் வழியில் தாக்கப்பட்டார்கள். இன்னும் கலவரம் வரும் என்ற பயத்தில் சில ஊர்களில் குடும்ப மருத்துவர்கள் கிளினிக்கைச் சீக்கிரமே மூடினார்கள். இனத்தைச் சொல்லி வசைபாடுகிற நோயாளியைத் திருப்பி அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும் என்று சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. செவிலியர்களின் சங்கமான ‘ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்’, 2022க்கும் 2025க்கும் இடையில் இனவெறி குறித்துத் தன் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் 55 சதவிகிதம் கூடிவிட்டதாக அறிவித்தது.

‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா’

‘அந்த நர்ஸ் வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை வார்டில் விழுந்ததும் என்ன நடக்கிறது? பெரும்பாலும் சத்தமே இருக்காது. இன்சார்ஜ் சிஸ்டர் வந்து தோளில் கை வைப்பார். அந்தப் பெட்டை இன்னொருத்தருக்கு மாற்றிவிட்டேன், நீ எதிர்வரிசையைப் பார் என்பார். வயசானவர், வலியில் ஏதோ சொல்கிறார், மனசில் வைத்துக்கொள்ளாதே என்பார். நல்லெண்ணத்தில்தான் சொல்வார். டூட்டி போர்டில் ஒரு பெயர் அழிக்கப்பட்டு இன்னொரு பெயர் எழுதப்படும். அவ்வளவுதான். புகார் இல்லை, பதிவு இல்லை.

மாற்றப்பட்டவர் அன்று முழுக்க அந்த அறையைக் கடந்துதான் மருந்து எடுக்கப் போக வேண்டும். உள்ளே போனவருக்கோ இரட்டை வேலை. நான்கு செவிலியர் இருக்கும் வார்டில், மூன்று பேரை ஒருவர் வேண்டாம் என்று சொன்னால், நான்காமவரின் நோயாளிகள் காத்துக்கிடப்பார்கள். அடுத்த கட்டிலில் டிரிப்ஸ் தீர்ந்துபோய், பஸ்ஸரை அழுத்திக்கொண்டு கிடக்கும் மனிதர் யாரையும் திட்டியவர் இல்லை. அவரும் விலை கொடுக்கிறார்.

மறுத்தவருக்காவது லாபமா? அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் அவசர சிகிச்சை மருத்துவராக இருக்கும் டாக்டர் எஸ்தர் சூ, கொரிய வம்சாவளியைச் சேர்ந்தவர். 2017 ஆகஸ்டில், சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகள் ஊர்வலம் போன வார இறுதியில், தன் அனுபவத்தைப் பொதுவெளியில் எழுதினார். ஆண்டுக்குச் சில முறையாவது ஒரு நோயாளி, இவர் இனத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சை வேண்டாம் என்பாராம். அவர்களுக்கு ஒரு மாற்று கொடுப்பார். நான் பார்க்கலாம், அல்லது பயிற்சி மருத்துவர் பார்க்கலாம் என்று. அவர்கள் தேர்ந்தெடுப்பது பயிற்சி மருத்துவரைத்தான். அந்த அறையிலேயே அனுபவம் குறைந்தவரிடம் தங்கள் உயிரை அவர்களே ஒப்படைக்கிறார்கள்!

அதே 2017இல் ‘மெட்ஸ்கேப்’ தளம் அமெரிக்க மருத்துவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் நோயாளிகளிடமிருந்து நிறம், பாலினம், வயது என ஏதோ ஒன்றைச் சொல்லிக் காயப்படுத்தும் பேச்சைக் கேட்டதாகச் சொன்னவர்கள் 59 சதவிகிதம். வேறு டாக்டர் வேண்டும் என்று கேட்கப்பட்டவர்கள் 47 சதவிகிதம்.

தமிழர்கள் கணிசமாக வாழும் டொரண்டோ பெருநகரப் பகுதியிலும் அதே ஆண்டு ஒரு சம்பவம். மிசிசாகாவில் ஒரு கிளினிக்கில், மகனுக்கு நெஞ்சு வலிக்கிறது என்று வந்த தாய், வெள்ளைக்கார டாக்டர்தான் வேண்டும் என்று கூச்சல் போட்டார். காத்திருந்தவர்களில் ஒருவர் எடுத்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அந்த வீடியோவில் என்னை உலுக்கியது கூச்சல் இல்லை. வலி அந்தப் பையனுக்கு. டாக்டர் இருக்கிறார். நடுவில் நின்றது தாயின் வெறுப்பு.

எல்லா ‘வேண்டாம்’களும் ஒன்றா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிரசவ வார்டில் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கும் பெண்ணையும், பாலியல் வன்முறைக்கு ஆளானதால் ஆண் டாக்டர் வேண்டாம் என்பவரையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. உடலின் கூச்சத்துக்கும் காயத்துக்கும் மரியாதை கொடுப்பது சிகிச்சையின் பகுதி. பிளெய்ன்ஃபீல்டு தீர்ப்பும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. மறதி நோய் முற்றிய முதியவர், மூளையில் தொற்று ஏறிப் பிதற்றுகிறவர் வாயில் வருவதும் வேறு. அங்கே பேசுவது நோய்.

கறுப்பின நோயாளி கறுப்பின டாக்டரைக் கேட்டால்? அதன் பின்னால் வரலாறு இருக்கிறது. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சையே தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவத் துறை வேடிக்கை பார்த்தது. அந்த அவநம்பிக்கை ஒரு தலைமுறையோடு போய்விடுமா? கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் மார்செல்லா அல்சான் குழுவினர் நடத்திய ஆய்வில், கறுப்பின ஆண்கள் கறுப்பின டாக்டரைச் சந்தித்தபோது, ரத்தப் பரிசோதனை போன்ற தடுப்புச் சிகிச்சைகளுக்கு அதிகம் முன்வந்தார்கள். ஏமாற்றப்பட்டவன் பயந்து கேட்பதும், ஏறி மிதித்துப் பழகியவன் அருவருத்துக் கேட்பதும் ஒரே தராசில் நிற்காது.

பெட்டிச் செய்தி: டாக்டர் கேட்டுக்கொள்ள வேண்டியவை

2016இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில், சட்டப் பேராசிரியர் கிமானி பால்-எமிலும் மூன்று மருத்துவர்களும் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு வழிகாட்டி தந்தது. இப்படி ஒரு கோரிக்கை வந்தால் பார்க்க வேண்டியவை:

● நோயாளியின் உடல்நிலை எப்படி? ஆபத்தில் இருந்தால் முதலில் சிகிச்சை.
● சுயநினைவோடு, முடிவெடுக்கும் நிலையில் பேசுகிறாரா?
● ஏன் கேட்கிறார்?
● மாற்று ஏற்பாட்டுக்கு வழி இருக்கிறதா?
● சம்பந்தப்பட்ட மருத்துவரின் மனநிலை, விருப்பம் என்ன?

நினைவுள்ள நோயாளி சிகிச்சையே வேண்டாம் என்று மறுக்கலாம். அது அவர் உரிமை. பலவந்தமாக ஊசி போட முடியாது. அதேசமயம், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் பரிசோதித்து, ஆபத்து நீங்கும் வரை பார்த்தாக வேண்டும் என்று 1986ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் சொல்கிறது.

அந்தப் பட்டியலின் கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் மருத்துவமனைகள் கேட்பதில்லை. வசவு வாங்கியவரிடம், ‘நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்? அந்த அறைக்குப் போகிறீர்களா, விலகிக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டு, அதன்படி நடப்பது ஒன்று. கேட்காமலே பெயரை அழிப்பது வேறு. முதலாவதில் ஊழியருக்கு முதுகெலும்பாக நிர்வாகம் நிற்கிறது. இரண்டாவதில் நோயாளியோடு சேர்ந்து நிர்வாகமும் அவரை வெளியே தள்ளுகிறது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் இதற்கு எழுத்துபூர்வமான நடைமுறையே வைத்திருக்கிறது. அருகில் இருக்கும் யாரானாலும் தலையிட வேண்டும். அந்தப் பேச்சு தவறு என்று நோயாளியிடமே சொல்ல வேண்டும். இங்கே எதை ஏற்போம், எதை ஏற்கமாட்டோம் என்று எல்லை வகுக்க வேண்டும். நடந்ததைப் பதிய வேண்டும். மேலிடத்திலிருந்து ஒரு வார்த்தை இப்படி எழுத்தில் இருந்துவிட்டால், நடுராத்திரி டூட்டியில் தனியாக நிற்கும் நர்ஸ் தயங்க வேண்டியதில்லை.

கொல்கத்தாவிலிருந்து கிளம்பிய பஸ்கள்

வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று இதைத் தள்ளிவைக்க நமக்கு யோக்கியதை இல்லை. 2020 மே மாதம், கொரோனா உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம், கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து 185 மணிப்பூர்ச் செவிலியர்கள் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். சம்பளக் குறைவு, பாதுகாப்பு உடை பற்றாக்குறை, வீட்டில் பெற்றோரின் பயம் என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, முகச்சாயலைப் பார்த்து ‘கொரோனா’ என்று கூப்பிட்டதும், தெருவில் மற்றவர்கள் ஒதுங்கி நடந்ததும், சிலர் காறித் துப்பியதும். இந்தியக் குடிமக்கள், இந்திய நகரத்தில், இந்திய நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் போய்ப் பட்டது இது.

நம் வார்டுகளில் தோல் நிறத்தை யாரும் உரக்கக் கேட்பதில்லை. ‘சிஸ்டருக்கு எந்த ஊரு? எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?’ என்று சுற்றி வளைத்து வரும் கேள்வி எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பிறகு ‘தண்ணி நானே ஊத்திக்கிறேன்’ என்று டம்ளரைக் கையில் வாங்கிக்கொள்ளும் நோயாளிகளைப் பற்றி எந்த மருத்துவமனையும் கணக்கெடுப்பதில்லை.

பிரிட்டன், அயர்லாந்து, கனடா என்று விசாவுக்குக் காத்திருக்கும் நம் செவிலியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆன்லைன் நேர்காணலின் கடைசியில், ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்பார்கள். சம்பளம், ஓவர்டைம், தங்குமிடம் எல்லாம் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: நோயாளி என் நிறத்தைச் சொல்லி மறுத்தால் உங்கள் மருத்துவமனை என்ன செய்யும்? எழுத்தில் விதி இருக்கிறதா? அதன் நகல் எனக்குக் கிடைக்குமா? கிடைத்தால், வேலை உத்தரவோடு சேர்த்து ஃபைலில் வையுங்கள்.